ஆராய்ச்சி செய்யும் டாக்டரை ஊர் எவ்வளவு நம்புகிறது? – கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பள்ளத்தூரில் வசிக்கிறார்.

எங்கள் பக்கம் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி இருக்க, நம்பிக்கையை எதற்குத் தனியாக அளக்க வேண்டும்? (கானாடுகாத்தான், ஜவுளி வியாபாரி)

நீங்கள் கும்பிடுவது வைத்தியம் பார்க்கிற டாக்டரை. அவருக்கு முன்னால் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதே டாக்டர் ஆராய்ச்சியும் செய்தால், இனி வரப்போகிற நோயாளிகளுக்காக ஒரு விடை தேடும் கடமையும் அவருக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு கடமையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சில இடங்களில் ஒத்துப்போகாது. வைத்தியத்துக்குத் தேவையில்லாத ஒரு ரத்தப் பரிசோதனையை ஆராய்ச்சிக்காக எடுக்க வேண்டியிருக்கலாம். இரண்டு மருந்தில் எது உங்களுக்கு என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்யலாம்.

அதனால் ஒருவர் தன் டாக்டரை முழுக்க நம்பிக்கொண்டே, ஆராய்ச்சி செய்யும் டாக்டர்களைச் சந்தேகிக்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. சொந்த டாக்டர் மேலுள்ள நம்பிக்கையை அளக்க 1990இலேயே ஆண்டர்சன், டெட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 11 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஆராய்ச்சி டாக்டர்களுக்கென்று தனி அளவுகோல் வர 2006 ஆயிற்று. அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் மார்க் ஹால் குழுவும் ஆர்ச் மேனஸ் குழுவும் தனித்தனியே ஆளுக்கொன்று வெளியிட்டன. இரண்டிலும் 12 வாக்கியங்கள்.

நம்பிக்கை மனசுக்குள் இருப்பது. அதற்கு எப்படி எண் போடுவீர்கள்? (புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்)

“உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?” என்று நேராகக் கேட்பதில்லை. சில வாக்கியங்களைப் படித்துக் காட்டுவோம். “ஆராய்ச்சியில் சேருபவருக்கு என்னென்ன ஆபத்து என்று டாக்டர்கள் மறைக்காமல் சொல்வார்கள்” என்பது போல ஒன்று. “தங்கள் பெயருக்காக நோயாளிக்குத் தொந்தரவு வந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பார்கள்” என்பது போல இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் “முழுக்க ஒப்புக்கொள்கிறேன்” என்பதிலிருந்து “கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை” வரை 5 படிகள். முழுக்க ஒப்புக்கொண்டால் 5, கொஞ்சமும் இல்லையென்றால் 1.

எதிர்மறை வாக்கியத்துக்கு மதிப்பெண்ணைத் திருப்ப வேண்டும், அதாவது 6இலிருந்து கழிக்க வேண்டும். ஒருவர் 4 வாக்கியங்களுக்கு 4, 5, 3, 4 என்று சொல்கிறார், கடைசி வாக்கியம் எதிர்மறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 என்பது 2 ஆகும். மொத்தம் 14. நான்கு வாக்கியத்தில் கிடைக்கக்கூடியது 4 முதல் 20 வரை.

எதிர்மறை வாக்கியங்களை வைப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக் கூடாது என்று எதைக் கேட்டாலும் “ஆமாம், ஆமாம்” என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. 12 வாக்கியங்களில் பாதி நேர்மறை, பாதி எதிர்மறை என்று வைத்தால், எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்குக் கிடைப்பது 36. அது 12க்கும் 60க்கும் சரிநடு. மரியாதைக்குச் சொன்ன “ஆமாம்” உச்ச நம்பிக்கையாகக் கணக்கில் ஏறாது.

அப்புறம், அளவுகோல் சரியா என்று பார்க்கத் தனிச் சோதனைகள் உண்டு. ஒரே பொருளைத் தொடும் வாக்கியங்களுக்கு ஒருவர் தரும் பதில்கள் ஒன்றோடொன்று இசைகின்றனவா? சில வாரம் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய அதே எண் வருகிறதா? அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் நிஜமாகவே ஆராய்ச்சியில் சேர முன்வருகிறார்களா? இந்த மூன்றும் தேறாத எண்ணை நம்பக் கூடாது.

பத்திரிகையில் “டாக்டர்களை நம்புகிறீர்களா, ஆம்/இல்லை” என்று ஒரே கேள்வி கேட்டு முடித்துவிடுகிறார்களே? (தேவகோட்டை, ஆசிரியை)

ஒரே கேள்விக்கும் பயன் உண்டு. பிரிட்டனில் எந்தத் தொழில் செய்பவர் உண்மை பேசுவார் என்று 1983இலிருந்து இப்படிக் கேட்டு வருகிறார்கள். நீண்டகாலப் போக்கைப் பார்க்க அது போதும். ஆனால் நம்பிக்கை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது, நேர்மையிலா, திறமையிலா, அக்கறையிலா என்று அதிலிருந்து தெரியாது.

மேடம், நான் காரைக்குடியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு இதையே எடுக்க ஆசை. ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டால் போதுமா?

போதாதும்மா. ஓ.பி. வரிசைக்கு வந்தவர் ஏதோ ஒரு நம்பிக்கையில்தான் வந்திருக்கிறார். நம்பாதவர் வீட்டிலேயே இருக்கிறார், அல்லது வேறு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார். அதோடு, உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய டாக்டரைப் பற்றி வாசலில் நின்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஊருக்குள் போ.

ஊருக்குள் போனால் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தால் பூட்டிய வீடுகள் நிறைய வந்து விழும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறதே என்று அங்கே நுழைந்துவிடாதே. அப்படி மாற்றிக்கொண்டே போனால் நீ கேட்கும் ஆட்களின் தொகுப்பே உன் வசதிக்கு வளைந்துவிடும். முதலில் தெருத்தெருவாக நடந்து, ஆள் குடியிருக்கும் வீடுகளை மட்டும் பட்டியல் போடு. காவலுக்கு இருக்கும் குடும்பம், வாடகைக்கு இருப்பவர்கள், ஊருக்கு வெளியே புதிதாக வந்த குடியிருப்புகள் எல்லாம் அதில் வர வேண்டும். குலுக்கல் அந்தப் பட்டியலிலிருந்து. கல்யாண சீசனிலும் கோயில் திருவிழாவிலும் போகாதே. அப்போது திறந்திருக்கும் வீடுகளில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு வந்தவர்கள். உன் கேள்வி இங்கேயே வாழ்கிறவர்களைப் பற்றியது.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதையும் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஆண் பெரியவர்தான் எப்போதும் பதில் சொல்வார். மருமகளின் பெயர் விழுந்தால் அவரோடு தனியாகப் பேச இடம் கேள். வளவில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது வருவது வீட்டின் பதில், அவருடைய பதில் ஆகாது.

வெள்ளைக் கோட்டு, ஆஸ்பத்திரி அடையாள அட்டை எதுவும் வேண்டாம். கிராமத்துச் செவிலியர் உதவிக்கு வருகிறேன் என்றாலும் அன்போடு மறுத்துவிடு. அளவுகோலின் ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்கிய பிறகு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார். பிறகு பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, “இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?” என்று கேள். நான் பார்த்த மாணவர் ஆய்வுகளில் பாதி இங்கேதான் கவிழ்ந்தன.

ஆய்வில் சேருபவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்கு. நம்பிக்கையைப் பற்றிக் கேட்கப் போகிறவள் அனுமதி வாங்காமல் போகக் கூடாது.

எத்தனை பேரைக் கேட்டால் சரியாக இருக்கும்? (கோட்டையூர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்)

“பாதிப் பேர் நம்புகிறார்கள்” என்பது போன்ற விகிதத்தை 5 சதவீதம் கூடக் குறைய, 95 சதவீத உறுதியோடு சொல்ல 385 பேர். ஆனால் சில தெருக்களைத் தேர்ந்து அங்கே கூட்டமாகக் கேட்டால், ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பதால், ஏறக்குறைய இரண்டு மடங்கு, 770 பேர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். காரைக்குடிக்கும் சிவகங்கை மாவட்டம் முழுவதற்கும் இந்த எண் பெரிதாக மாறாது.

ஆச்சி, எங்கள் அப்பச்சியை மதுரையில் ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்டால், “டாக்டர் எனக்கு நல்லதுதான் செய்வாரு” என்கிறார். இது நல்ல நம்பிக்கைதானே? (கண்டனூர்)

அப்பச்சியின் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எதை நம்புகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சியில் நடப்பதெல்லாம் தனக்கென்றே பார்த்துச் செய்யும் வைத்தியம் என்று நோயாளி நினைத்துக்கொள்வதை, பால் ஆப்பல்பாமும் அவரோடு இருந்தவர்களும் 1982இல் விவரித்தார்கள். அளவுகோலில் அப்பச்சி 60க்கு 58 வாங்குவார். அந்த 58இல் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு தவறான புரிதல் என்று அளவுகோல் பிரித்துக் காட்டாது. அதனால்தான் நம்பிக்கையை அளக்கும்போது புரிதலையும் கூடவே சோதிக்க வேண்டும் என்று எப்போதும் வற்புறுத்துகிறேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: அவருக்குத் தந்த தகவல் தாளை வாங்கி உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். அவருக்கு வரும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது யார், கூடுதல் பரிசோதனை என்னென்ன, உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, மூன்றையும் பாருங்கள். புது மருந்துகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி இவை அந்தத் தாளில் இருந்தாக வேண்டும். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. ஆராய்ச்சி பதிவானதா என்று சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2009 ஜூனிலிருந்து மருந்து ஆராய்ச்சிகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம்.

நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். இதில் நம்பிக்கையை அளந்து என்ன ஆகப் போகிறது? (காரைக்குடி, இளைஞர்)

உங்கள் கோபத்துக்கு அடித்தளம் இருக்கிறது, தம்பி. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. 1997இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். நம் நாட்டில், பிரிக்கப்படாத ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அங்கே நேர்ந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஊசியில் பழுது இல்லாதபோதும், ஒப்புதல் வாங்கிய விதம் ஊரின் நம்பிக்கையைத் தின்றுவிட்டது.

இன்னொன்றையும் கேளுங்கள். 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதுமா, சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று ஒப்பிட்டார்கள். வீட்டு வைத்தியம் ஏறக்குறைய அதே பலன் தந்தது, வீட்டாருக்கு நோய் பரவுவதும் கூடவில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. அந்தக் குழு நோயாளிகளின் வீடு தேடிப் போனது, குடும்பத்தாரையும் பல ஆண்டுகள் கவனித்தது. கம்மத்திலும் சென்னையிலும் இருந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். நடத்தப்பட்ட விதம்தான் வேறு.

மதிப்பெண் குறைவாக வந்தால் விழிப்புணர்வு முகாம் நடத்தலாமா? நிதி தர எங்கள் சங்கம் தயார். (சிங்கப்பூரில் வாழும் தேவகோட்டைக்காரர்)

அண்ணே, அவசரப்பட வேண்டாம். குறைந்த மதிப்பெண் வந்தாலே மக்களுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. மக்கள் சரியாகவே எடை போட்டிருக்கலாம். விளக்கம் சொல்ல நேரம் ஒதுக்காத இடம், ரத்தம் எடுத்துக்கொண்டு முடிவைச் சொல்லாத இடம் குறைந்த மதிப்பெண்ணுக்குத் தகுதியானதுதான். அங்கே முகாம் போட்டு நம்பச் சொல்வது மக்களுக்குச் செய்யும் அநியாயம். முதலில் எந்த வாக்கியத்தில் எண் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். “மறைக்காமல் சொல்வார்கள்” என்பதில் விழுந்தால், மாற வேண்டியது ஒப்புதல் வாங்கும் முறை. சங்கத்தின் பணத்தை, நோயாளிக்கு வீட்டுத் தமிழில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஓர் ஆளை அமர்த்தக் கொடுங்கள்.

எங்கள் வீட்டிலும் முன்பு ஒருவர் வந்து ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. (பள்ளத்தூர், இல்லத்தரசி)

அது சரியில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. அடுத்த முறை யாராவது வந்தால், “முடிவை எங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்?” என்று முதலிலேயே கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாவிட்டால் பேச மறுக்கலாம், உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மேலே கேள்வி அனுப்பிய மாணவிக்கும் இதைத்தான் சொல்வேன்: ஒரு பக்கத் தமிழ்த் தாளில் முடிவை எழுதி, கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் கொடு, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டு. யாருடைய பெயரும் அதில் வரக் கூடாது.