முற்றத்துல மணல் பொங்கினது பத்தி

அண்ணே, மார்ச் 28 (2025) நிலநடுக்கத்துல வீட்டு முற்றத்துல தண்ணியோட சாம்பல் மணல் பீறிட்டு வந்து நடுவுல ஓட்டையோட சின்னச்சின்ன மேடா நிக்குது, அடியில எரிமலையா இருக்குமோன்னு அம்மா பயப்படுறாங்கன்னு மியான்மர் மாண்டலேல இருந்து எழுதியிருந்தீங்க. எரிமலை இல்லண்ணே, அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க.

ஐராவதிக் கரை முழுக்க ஆறு கொண்டாந்து போட்ட மணலு, இடுக்கெல்லாம் தண்ணி. சகாயிங் பிளவுன்னு பூமிக்கு அடியில ஓடுற நீள விரிசல் 400 கிலோமீட்டருக்கு மேல உடைஞ்சு 7.7 அளவுல குலுக்கினப்ப மணல் இறுகப் பாக்குது, உள்ள இருக்க தண்ணிக்குப் போக வழியில்ல, அழுத்தம் ஏறி மணல் ஒண்ணையொண்ணு தாங்குற பிடி விட்டுப்போயி கொஞ்ச நேரம் கஞ்சி மாதிரி ஆயிடுது, அப்புறம் வெடிப்பு வழியா மேல பீச்சிடுது. வாளியில ஈர மணல் நிரப்பி மேல ஒரு செங்கல்ல நிக்கவச்சு பக்கத்துல தட்டிப் பாருங்க, தண்ணி மினுமினுன்னு மேல வரும், செங்கல் சாஞ்சு முங்கும்.

நான் பெகுவுல இருக்கேன், இங்கயும் அதே பிளவுதான், 1930 மே மாசம் ஊரே இடிஞ்சுச்சு, அதனால உங்க கவலை எனக்குப் புரியுது.

பாக்க வேண்டியது வீட்டைத்தான். தரையில கோலிகுண்டு விட்டா ஒரே பக்கம் ஓடுதா, கதவு புதுசா பிடிக்குதா, சுவத்துல சாய்வா வெடிப்பு இருக்கா? ஒண்ணு இருந்தாலும் இஞ்சினியர் பாக்குறவரை அம்மாவை உள்ள படுக்க வைக்காதீங்க, பெரிய பின்னதிர்வு வந்தா அதே மணல் திரும்பவும் இளகும். கிணத்துத் தண்ணிய சோதிக்காம குடிக்காதீங்க, கக்கூஸ் குழி உடைஞ்சு கலந்திருக்கலாம்.