எண்ணெய்க் கிணற்றில் வீணாக எரிக்கும் வாயுவை வைத்து ஒரு முழு பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தைக் கட்ட முடியுமா?

முடியும். ரஷ்யாவின் சிபூர் என்ற பெட்ரோகெமிக்கல் நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். பினாங்கு, பிறையில் பிளாஸ்டிக் பை செய்யும் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். பை செய்ய உருக்கும் பிளாஸ்டிக் மணிக்கு ரெசின் என்று பெயர்; 25 கிலோ ரெசின் மூட்டையின் பூர்வீகத்தைத் துருவப் போய்த்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

கச்சா எண்ணெய் மேலே வரும்போது அதில் கரைந்திருந்த வாயு, சோடாவைத் திறந்த மாதிரி பொங்கிப் பிரியும். கிணறு சைபீரியச் சதுப்பு நிலத்தில் இருந்தால் எண்ணெய்க்காரர் அதைக் கொளுத்தி விடுவார். அவருக்கு அது தொல்லை. 1995-இல் உருவான சிபூரின் பிழைப்பே அந்தத் தொல்லைதான். வாயுவை வாங்கி, மீத்தேனைப் பிரித்து விற்றுவிட்டு, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகும் கனமான சரக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2009-இல் ரஷ்ய அரசு இந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. பிறகு கொளுத்துவதற்கான கட்டணமும் ஏறியது. எண்ணெய்க்காரருக்கு வாயுவைத் தள்ளிவிட ஆள் தேவைப்பட்டது.

அந்தச் சரக்கைச் சூட்டில் உடைத்து எத்திலீன் என்ற வாயுவை எடுக்கும் ஆலைதான் கிராக்கர். அதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் எண்ணெய்க்காரரோடு போடும் ஒப்பந்தமும் சரக்கைக் கொண்டுவரும் குழாயும்தான் முதல். சைபீரியாவில் புரோவ்ஸ்க் பக்கத்திலிருந்து தொபோல்ஸ்க் நகரம் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் குழாய் 2014-இல் முடிந்தது. அதற்கு அப்புறம்தான் தொபோல்ஸ்கில் ஆண்டுக்கு 15 லட்சம் டன் பாலிஎத்திலீன், 5 லட்சம் டன் பாலிபுரொப்பிலீன் செய்யும் ஆலை எழுந்தது.

ஏன் எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்ய வேண்டும்? பேராசை மட்டும் இல்லை. கிராக்கர் உலையில் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கிடைக்கும் எத்திலீன், சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 104 டிகிரியில்தான் திரவமாகும். லாரியில் ஏற்றிக் கடை கடையாக விற்கிற சரக்கா அது? பக்கத்திலேயே அதை மணியாக்கி மூட்டை கட்டினால்தான் கப்பல் ஏறும். நம்ம மலேசியாவின் திரங்கானு மாநிலத்துக் கெர்த்தேயிலும் வாயு ஆலை, கிராக்கர், பாலிஎத்திலீன் ஆலை எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி நிற்பது இதனால்தான்.

ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் போச்சு. ஒரு வருடம் எங்கள் சப்ளையர் போன் செய்தார்: "கிராக்கர் நின்னுடுச்சு அண்ணே, ரெண்டு மாசம் கேக்காதீங்க." வேறு நாட்டு ரெசினை வாங்கிப் போட்டோம். அதன் உருகும் குணமே வேறு. ஊதும் மெஷினில் பிளாஸ்டிக் பலூன் குடிகாரனைப் போலத் தள்ளாடியது. வெப்பத்தைக் கூட்டிக் குறைத்து அதை நேராக நிறுத்த ஆபரேட்டர் தம்பிக்கு மத்தியானம் ஆகிவிட்டது.