உசிலம்பட்டி மாமியாரும் 90 பக்கத் திரைக்கதையும்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சென்னையில் உதவி இயக்குநராகவும் வசன உதவியாளராகவும் இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு தயாரிப்பு நிறுவனம் இணையத்தொடர் ஒன்றுக்காக அழைத்தது. போனதும் 90 பக்கத் திரைக்கதையைக் கையில் கொடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதாம். “எல்லாம் தயார், நீங்கள் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுத்தால் போதும்” என்றார்கள். வழக்கமாகப் பேசும் தொகையில் கால் பங்குதான் தருவார்களாம். டைட்டிலில் பெயர் பற்றிப் பேச்சே இல்லை. படித்துப் பார்த்தேன். உசிலம்பட்டி மாமியார் மருமகளிடம் “உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்” என்கிறாள். இந்த வேலையை ஏற்கலாமா? நான் எழுதுவதையும் அந்த இயந்திரத்துக்கே தீனியாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது? இன்னொன்றை வெட்கத்தோடு சொல்கிறேன்: நானும் சில இரவுகளில் அதைக் கொண்டு காட்சி வரிசை போட்டுப் பார்த்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: அன்புள்ள வளசரவாக்கம் நண்பருக்கு,

அந்த மாமியாரை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். உசிலம்பட்டியில் ஒரு மாமியாருக்கு மருமகள் மேல் மதிப்பு வந்துவிட்டால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். குழம்புச் சட்டியில் இருந்து ஈரல் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, மகனிடம் ஏதாவது குறை சொல்லத் தொடங்குவாள். இதை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மெருகேற்றல்’. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு சொல்தான்.

இதே சொல்லுக்காக ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. 2023 மே 2 அன்று அமெரிக்காவில் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் சுமார் 11,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 148 நாள் நீடித்தது. ஊதியம், ஓடிடி வருவாயில் பங்கு என்று கோரிக்கைகள் பல; செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பு வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. இந்த ஒன்றுக்கு ஸ்டுடியோக்கள் முதலில் சொன்ன பதில், தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆண்டுதோறும் கூட்டம் போடலாம் என்பது. நம் ஊரில் “அப்புறம் பார்க்கலாம்” என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள்.

அந்த எழுத்தாளர்கள் போட்ட கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் தங்களைவிட நன்றாக எழுதிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. அங்கே முதல் பிரதி எழுதுகிறவருக்கு ஒரு கூலி. பிறர் எழுதியதைத் திருத்தி எழுதுகிறவருக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஒரு நாவலையோ வேறு எதையோ மூலமாக வைத்து எழுதினால் டைட்டிலில் போடும் பெயரும் மாறும், தொகையும் மாறும். ஆகவே ஒரு ஸ்டுடியோ இயந்திரத்தை விட்டு எப்படியாவது ஒரு முதல் பிரதியைத் துப்ப வைத்து, “இதோ மூலம், திருத்துங்கள்” என்று நீட்டினால் போதும். முழுத் திரைக்கதையையும் திருத்தக் கூலிக்கு வாங்கிவிடலாம். பிரதி படு மோசமாக இருந்தாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, ஏனென்றால் அது படமாவதற்காக எழுதப்பட்டதே இல்லை. அது இருந்தால் போதும். உங்கள் மேசைக்கு வந்திருக்கும் 90 பக்கமும் அந்த இனம்தான்.

செப்டம்பர் 27 அன்று வேலைநிறுத்தம் முடிந்தபோது அவர்கள் வாங்கியது இது: இயந்திரம் எழுதியது எழுத்தாளரின் படைப்பாகவோ மூலக்கதையாகவோ கணக்கில் வராது. அப்படிப்பட்ட பிரதியைக் கொடுத்தால் அது இயந்திரம் எழுதியது என்று நிறுவனம் சொல்லியே ஆக வேண்டும். எழுத்தாளர் விரும்பினால், நிறுவனம் சம்மதித்தால், அந்தக் கருவியைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கருவிக்கு அந்த ஒப்பந்தம் தடை போடவில்லை. அதற்கு எழுத்தாளர் என்ற இடத்தை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். கூலியும் டைட்டிலும் தப்பியது அந்த மறுப்பால்தான்.

தொழில் முழுவதையும் கட்டிப்போடும் அப்படி ஓர் ஒப்பந்தம் நம்மிடம் இல்லை. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கமும் மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனும் இருக்கின்றன. இதுவரை உறுப்பினர் ஆகவில்லை என்றால் முதலில் ஆகுங்கள். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும் நேரத்தில் சங்கம் பக்கத்தில் உட்கார்ந்திருக்காது. அங்கே அவர்கள் ஐந்து மாதம் தெருவில் நின்று வாங்கியதை இங்கே நீங்கள் ஒற்றை ஆளாக நாலு வரியில் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. அநியாயம்தான். கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் ‘திரைக்கதை, வசனம்’ என்று இருக்கட்டும். நிறுவனம் தந்த 90 பக்கம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்றும், அதைக் காட்டி உங்கள் தொகையையோ டைட்டிலையோ குறைக்கக் கூடாது என்றும் ஒரு வரி வேண்டும். எத்தனை வரைவு, வரைவுக்கு எவ்வளவு, எந்த நாளில் பணம் என்பதை எழுதி வாங்குங்கள். “படம் முடிந்ததும் செட்டில் செய்வோம்” என்ற பேச்சை நம்பி முடி நரைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் கண்ணாடியில் தினமும் தெரிகிறான்.

நம் சட்டத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. இப்படி ஒரு பூதம் கிளம்பும் என்று அன்று யார் நினைத்தார்கள்? நாளைக்கு உங்கள் தயாரிப்பாளர், “கட்டளையைத் தட்டியவன் என் அலுவலகப் பையன், ஆகவே கதை திரைக்கதை என்னுடையது, இவர் எழுத்துப்பிழை திருத்தினார்” என்று வாதாட அந்த வரியைத் துணைக்கு அழைக்கலாம். ஜெயிப்பாரா என்பது வேறு விஷயம். வழக்கு முடிவதற்குள் இரண்டாவது சீசனே முடிந்துவிடும். அதனால் அந்த 90 பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி, ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரைவையும் தேதியோடு தனித்தனியாகச் சேமியுங்கள். கையால் எழுதுபவர் என்றால் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மாமியார் எங்கே மாறினாள், யார் மாற்றியது என்பதற்கு அதுதான் சாட்சி.

உங்கள் சொந்தக் கதைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. ஒன்லைனை, அதாவது கதையின் ஓரிரு வரிச் சுருக்கத்தை, மட்டும் பதிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய. வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. எனவே காட்சிகளோடு முழுத் திரைக்கதையைப் பதியுங்கள். 2018-இல் ‘சர்கார்’ கதை தொடர்பான சர்ச்சையில் ஓர் உதவி இயக்குநருக்குக் கைகொடுத்தது, சங்கத்தில் அவர் முன்பே பதிந்து வைத்திருந்த கதைதான். விவகாரம் உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அவருக்கு அங்கீகாரம் கிடைத்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திரையில் வெளிவந்துவிட்ட வசனத்தை இயந்திரத்தின் வாயிலிருந்து காப்பாற்றுவது கடினம். 53,000-க்கு மேற்பட்ட படங்களின், 85,000 தொலைக்காட்சி அத்தியாயங்களின் வசனங்கள் சப்டைட்டில் கோப்புகளாகவே உறிஞ்சப்பட்டதை 2024-இல் ஓர் அமெரிக்க இதழ் அம்பலப்படுத்தியது. யாரும் எழுத்தாளரிடம் கேட்கவில்லை. இங்கே தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு செய்தி நிறுவனம் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஒன்றின் மீது அதே 2024-இல் தொடுத்த வழக்கும் இந்தத் தீனி விவகாரம்தான். ஆனால் வெளிவராத உங்கள் வரைவுகள் வேறு. அவற்றை எந்த மென்பொருளுக்கும் பயிற்சிக்காகவோ, அடுத்த சீசனை எழுத வைப்பதற்காகவோ கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட முடியும். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். முதல் சீசனை உங்களிடம் வாங்கி, அதையே ஊட்டி இரண்டாவதை இலவசமாகக் கறந்துகொள்வதுதான் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து.

பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்குச் சாதகமாகவும் சில இடங்களில் இருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போடும் நாளில் இல்லாத அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாத வரை, உங்கள் உரிமை மாறிப்போகாது. உங்கள் பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். இயந்திரத்துக்குத் தீனி போடுவது அன்று புழக்கத்தில் இல்லாத பயன்பாடு என்று வாதாட இடம் இருக்கிறது. அதே திருத்தம், படத்தில் இடம்பெற்ற எழுத்தைத் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்கவே முடியாது என்கிறது. “எல்லா ராயல்டியையும் துறக்கிறேன்” என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள், பதறாதீர்கள். பணம் வீடு தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்கிறேன்.

57-ஆம் பிரிவையும் அடிக்கோடிட்டு வையுங்கள். உரிமையை விற்ற பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் அது வழி தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மீது தொடுத்த வழக்கில் 1986-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைத் தாராளமாகவே விளக்கியது. இன்று அதன் தேவை கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ மறுவெளியீடு ஆனபோது, உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவையே மாற்றி நாயகனைப் பிழைக்க வைத்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். படம் என்னவோ புது முடிவோடு திரைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கே அந்தக் கதி.

இப்போது உங்கள் வெட்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவலைப்பட ஒன்று இருக்கிறது. காட்சி வரிசை போடுவதுதான் நம் தொழிலில் படிப்பு. கதை விவாத அறையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் நின்றவன்தான், இடைவேளைக்கு முந்தைய காட்சியை ஏன் ஏழு முறை கலைத்தார்கள் என்று பார்த்துக் கற்றான். அந்த மூலைதான் இப்போது காணாமல் போகிறது. சுருக்கம் எழுதுவது, காட்சி அட்டை போடுவது போன்ற புதியவர்களின் வேலையை இயந்திரத்துக்குத் தள்ளிவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து “நல்ல எழுத்தாளரே கிடைப்பதில்லை” என்று மேடையில் அங்கலாய்ப்பார்கள். அமெரிக்கர்கள் அதே ஒப்பந்தத்தில் எழுத்தாளர் அறைக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை கேட்டு வாங்கியதை இதற்காகவே மெச்சுகிறேன். ஊர்ப் பெயரோ பழைய தேதியோ தேட இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை நீங்களே போடுங்கள், தப்பாகப் போனாலும். ஒப்பந்தத்தில் “இது முழுக்க என் சொந்தப் படைப்பு” என்ற உறுதிமொழி இருக்கும். கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மேலே நான் எழுதிய அத்தனை வரியும் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

ஏற்கலாமா என்று கேட்டீர்கள். டைட்டிலையும் முழுத் தொகையையும் கேளுங்கள். தொகையில் கொஞ்சம் இறங்கலாம், டைட்டிலில் இறங்காதீர்கள். இரண்டுக்கும் மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வாடகை மூன்று மாதம் நிற்கிறது என்றால் கதை வேறு. 1990-களில் நானும் பெயரில்லாமல் ஒரு படத்துக்கு வசனம் எழுதி, வந்த பணத்தில் அரிசி வாங்கியிருக்கிறேன். அப்படி ஏற்றால் இத்தனை பக்கம், இத்தனை நாள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் வைத்திருக்கும் நல்ல காட்சி ஒன்றைக்கூட அதில் செலவழிக்காதீர்கள்.

நேரில் பேசும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும், “இன்று நாம் பேசியது இவை” என்று ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும் வரை முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள்.