போப்பும் கருத்தடையும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கத்தோலிக்கன். பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போப் பிரான்சிஸ் மறைந்தபோது எழுதிய குறிப்பில் ‘வத்திக்கானின் பழமைவாதம்’ என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போதனை மாறாததால்தான் திருச்சபை நிற்கிறது. உலகமே கருத்தடையை ஆதரித்தபோது போப் ஆறாம் பவுல் தனியாக நின்று மறுத்தார். அரசாங்கங்கள் அதைக் கட்டாயப்படுத்தக்கூடும் என்று 1968லேயே எச்சரித்தார். நெருக்கடி நிலையில் நம் நாட்டில் அதுதானே நடந்தது? பிரான்சிஸ் காலத்திலோ ஒரே குழப்பம். ஒருபாலினத் தம்பதிகளுக்கு ஆசி வழங்கலாம் என்றுகூட ஆவணம் வந்தது. புதிய போப் லியோ இதையெல்லாம் சரிசெய்வார் என்று நினைக்கிறீர்களா?

அ.

அன்புள்ள அ.,

போப்புகளைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதத்தில் ஆறாம் பவுலின் பெயர் இருந்தது. கொஞ்ச நாளாக 1960களின் ரோமைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தப் பதில்.

ஆசி விவகாரத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2023 டிசம்பரில் வந்த அந்த ஆவணம் திருமணம் பற்றிய போதனையில் கைவைக்கவே இல்லை. வந்து கேட்கும் இருவருக்கு, வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் ஒரு குரு ஆசி கூறலாம் என்றது, அவ்வளவுதான். எதிர்த்தவர்களும் சரி, கொண்டாடியவர்களும் சரி, முழுதாக வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ‘இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறாத போதனை’ என்கிறீர்களே, வகுப்பில் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறீர்களா? தனக்குச் சரியென்று படும் மதத்தைத் தேர்ந்துகொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்பதை 1864ல் போப் ஒன்பதாம் பயஸ் பிழைகளின் பட்டியலில் சேர்த்தார். 1965ல் உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத சுதந்திரம் மனித மாண்பிலேயே வேர்கொண்ட உரிமை என்று அறிவித்தது. வட்டியைப் பாவம் என்று பல நூற்றாண்டுகள் சொன்ன சபை இன்று வத்திக்கானுக்குள்ளேயே வங்கி வைத்திருக்கிறது. மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று 2018ல் மறைக்கல்வி ஏட்டையே திருத்தினார்கள். நீங்கள் பாடம் நடத்தும் விஷயம் ஐயா அது! கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதக்கூடாதா?

சரி, ஆறாம் பவுலுக்கு வருவோம். தனியாக நின்றார் என்பது உண்மைதான். ஆனால் அன்று அவருக்கு எதிரே நின்றது உலகம் மட்டும் இல்லை, அவரே விரிவாக்கிய குழுவும்தான்.

1963ல் அப்போதைய போப் இருபத்துமூன்றாம் யோவான் கருத்தடையை ஆராயவென்று ஆறு பேர் கொண்ட சிறு குழு ஒன்றை அமைத்தார். அவர் இறந்ததும் ஆறாம் பவுல் அதை விரித்துக்கொண்டே போனார். இறையியலாளர்கள், மருத்துவர்கள், மக்கள்தொகை அறிஞர்கள், அப்புறம் மணமான தம்பதிகள் சிலர். சிகாகோவிலிருந்து பேட்ரிக் க்ரௌலியும் அவர் மனைவி பாட்ரிசியாவும் வந்தார்கள். கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தை நடத்தியவர்கள், பழுத்த விசுவாசிகள். ரோமில் கணவரைக் குருமடக் கல்லூரியிலும் மனைவியைக் கன்னியர் மடத்திலும் தங்கவைத்தார்கள். தாம்பத்தியத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர்களை!

அவர்கள் கையில் கடிதங்கள் இருந்தன. கருத்தரிக்கக்கூடிய நாட்களில் விலகியிருக்கும், சபை அனுமதித்த நாள்கணக்கு முறையை நம்பி வாழ்ந்த பல நாட்டுக் கத்தோலிக்கர்கள் எழுதியவை. அந்தக் கணக்கு தங்களுக்குள் கொண்டுவந்த பயத்தையும் விலகலையும் சொல்லியிருந்தார்கள். பிரம்மச்சாரிகள் நிறைந்த அறையில் இதையெல்லாம் பாட்ரிசியா எடுத்துப் பேசினார்.

1966ல் முடிவு வந்தது. இறையியலாளர்களில் மாற்றத்துக்கு ஆதரவு 15 பேர், எதிர்ப்பு 4 பேர். பிறகு கர்தினால்களும் ஆயர்களும் வாக்களித்தார்கள். கருத்தடை தன்னளவில் தீமை இல்லை என்றவர்கள் 9 பேர், தீமைதான் என்றவர்கள் 3 பேர், எந்தப் பக்கமும் சேராதவர்கள் 3 பேர். குழுவில் இடம்பெற்றிருந்த க்ராகோவ் பேராயர் கரோல் வோய்த்திவா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பின்னாளில் இரண்டாம் ஜான் பாலாக வந்து இந்தத் தடையை எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் அவர்தான்.

ஆனால் 1968ல் ஆறாம் பவுல் ‘ஹுமானே வீத்தே’ என்ற சுற்றுமடலில், அதாவது திருச்சபை முழுமைக்குமான போப்பின் கடிதத்தில், தடை தொடரும் என்றார். என்னை விடாமல் தொந்தரவு செய்வது வாக்கெடுப்பில் தோற்ற அந்த நான்கு இறையியலாளர்கள் தரப்பின் வாதம். 1930ல், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்துபோன ஆங்கிலிகன் சபையின் ஆயர்கள் லண்டனில் லாம்பெத்தில் கூடிக் கருத்தடைக்கு ஓரளவு இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் போப் பதினொன்றாம் பயஸ் அதைப் பெரும்பாவம் என்று சுற்றுமடல் எழுதினார். இப்போது நாம் மாறினால் அன்று தூய ஆவி அவர்கள் பக்கம் இருந்ததாக ஆகிவிடாதா என்று இவர்கள் கேட்டார்கள். கருத்தடை மாத்திரை சரியா தப்பா என்பது இங்கே இரண்டாம்பட்சமாகிவிட்டது. முன்னால் இருந்த போப் தவறியிருக்க முடியாது, ஆகவே இந்தப் போப்பும் மாறக்கூடாது. வழி தவறிவிட்டது என்று தெரிந்தும் பிள்ளைகள் முன்னால் வண்டியைத் திருப்பாத அப்பாக்களை எனக்குத் தெரியும்.

அந்தக் குழுவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். இதே பாவத்துக்காக நாம் நரகத்துக்கு அனுப்பிய லட்சக்கணக்கானவர்களின் கதி என்ன என்று ஸ்பானிய இயேசு சபைக் குரு ஒருவர் கேட்டாராம். உங்கள் ஆணைகளையெல்லாம் கடவுள் அப்படியே நிறைவேற்றிவிட்டார் என்றா நம்புகிறீர்கள் என்று பாட்ரிசியா திருப்பிக் கேட்டாராம்.

எனக்கு இது ரோமில் நடந்த விவகாரமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். கடைசிப் பிரசவத்தில் பிழைத்ததே பெரிய விஷயம். டாக்டர் சொல்லிக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், நன்மை, அதாவது நற்கருணை, வாங்க மட்டும் எழுந்து போகமாட்டார். பாவசங்கீர்த்தனம் செய்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டுவிட்டு வாங்கலாமே என்று என் அம்மா கேட்டதற்கு, “மனஸ்தாபப்படணும்லா அக்கா? எனக்கு அதுக்கு மனஸ்தாபமே வரல்லியே. சாமிகிட்ட போய் எப்படிப் பொய் சொல்ல?” என்றார். 1968 செப்டம்பரில் வின்னிபெக்கில் கூடிய கனடா ஆயர்கள், முயன்றும் கடைப்பிடிக்க முடியாமல் தன் மனசாட்சிக்குச் சரியென்று பட்டதைச் செய்பவர் நல்ல மனதோடுதான் செய்கிறார் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். எங்கள் தெரு கனடாவில் இல்லை. பிறகு வேறொரு சாமியார் பங்குக்கு மாற்றலாகி வந்தார். அவர் எதையும் துருவவில்லை, டீச்சரும் நன்மை வாங்க ஆரம்பித்தார். சட்டம் மாறவில்லை, சாமியார்தான் மாறியிருந்தார். இப்படி மாற்றல் உத்தரவை நம்பித்தான் விசுவாசிகள் இருக்க வேண்டுமா?

நெருக்கடி நிலையைப் பற்றி நீங்கள் சொன்னது வலுவான வாதம். ஆறாம் பவுலின் சுற்றுமடலில் 17ஆம் பத்தியில் அந்த எச்சரிக்கை இருக்கிறது, 1976ல் வட இந்தியக் கிராமங்களில் அது நிஜமாகவே நடந்தது. ஆனால் அங்கே குற்றம் எது? ஒரு மனிதனின் உடம்பைப் பற்றி அவனைக் கேட்காமல் முடிவெடுத்தது. கோட்டாவை நிரப்பிய அதிகாரி ‘செய்துதான் ஆகவேண்டும்’ என்றார், ரோம் ‘செய்யவே கூடாது’ என்றது. டீச்சரை இருவருமே கேட்கவில்லை. ரோம் கத்தி எடுக்கவில்லை என்ற பெரிய வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாம் பவுலை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையை இரண்டு ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு தவித்த மனிதர். குழுவுக்குள் முழு உடன்பாடு இல்லை, சில முடிவுகள் சபையின் தொடர்ந்த போதனையிலிருந்து விலகுகின்றன என்று சுற்றுமடலிலேயே காரணம் எழுதினார். 1968 ஜூலை 25 தேதியிட்ட அந்த ‘ஹுமானே வீத்தே’தான் அவருடைய கடைசிச் சுற்றுமடல். அதன்பின் பத்தாண்டுகள் போப்பாக இருந்தும் இன்னொன்று எழுதவில்லை. அதற்கு வந்த எதிர்ப்பு அவரை எவ்வளவு உடைத்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். 2018ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அறிவித்தது யார் தெரியுமா? நீங்கள் குழப்பவாதி என்று சொல்லும் அதே பிரான்சிஸ்.

லியோ சிகாகோவில் பிறந்தவர், க்ரௌலிகளின் ஊர்க்காரர். அதற்கு மேல் ஜோசியம் சொல்ல நான் ஆளில்லை. குழுவின் பெரும்பான்மை அறிக்கை 1967ல் கசிந்து பத்திரிகையில் வந்தது, இப்போதும் தேடினால் கிடைக்கிறது. சுற்றுமடலையும் அதையும் சேர்த்து வாசியுங்கள். ஆறாம் பவுல் செய்ததுதான் சரி என்று அதற்குப் பிறகும் தோன்றினால் விரிவாக எழுதுங்கள், வெளியிடுகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் அந்த 9, 3, 3 கணக்கை மட்டும் மறைக்காதீர்கள்.