படத்துக்குத் துணை இல்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 48 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஊர். வீட்டுக்காரர் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மகளுக்கு 25 வயது, ஓசூரில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். என் குறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சினிமா பைத்தியம். கூட வரத்தான் ஆள் இல்லை.

எல்லாப் படமும் பார்க்க மாட்டேன். அரிவாளைத் தூக்கினாலே எழுந்து போய்விடுவேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாயாஜாலம் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலத்துக் காதல் வேண்டும். 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் வந்தது, இந்தியாவின் முதல் த்ரீ-டி படம். சின்னப் பிள்ளையில் அப்பா கூட்டிப்போனார். கண்ணாடி மூக்கில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பார்த்தேன். 'மாயா பஜார்' (1957) எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. எல்லோரும் ரங்காராவையும் 'கல்யாண சமையல் சாத'த்தையும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சாவித்திரிதான். வத்சலா உருவத்தில் வந்திருப்பது கடோத்கஜன் என்பதை ஒரு நடையிலேயே காட்டிவிடுவார். இப்போது வருகிற மாயாஜாலப் படங்களில் கம்ப்யூட்டர்தான் நடிக்கிறது.

இதையெல்லாம் யாரிடம் பேசுவது? வீட்டுக்காரரைக் கூட்டிப்போனால் டைட்டில் முடிவதற்குள் குறட்டை. 2023-ல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்தபோது குந்தவையைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வளவு நீளம் எழுதினேன். நாத்தனார் மட்டும் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். பையனோ "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்பான்.

முன்பெல்லாம் மகள்தான் எனக்குத் துணை. இப்போது அவளும் வருவதில்லை. பொங்கல் லீவில் டிவியில் 'மதராசபட்டினம்' போட்டார்கள், சேர்ந்துதான் பார்த்தோம். 1947-ல் துணி வெளுக்கிற பையனும் கவர்னர் மகளும்! கிழவியான பிறகு அவனைத் தேடி அவள் மெட்ராஸ் வருகிற இடத்தில் எப்போதும் போல அழுதேன். அப்போது இவள் சிரித்துக்கொண்டே, "இவங்களுக்காக இவ்வளவு அழறியே, நம்ம வீட்டுல நடந்தா அழுவியா, அடிப்பியா?" என்றாள். என் கொழுந்தனார் ஒருத்தர் இருக்கிறார், 'நம்ம ஆளுங்க' விஷயத்தில் ரொம்பக் கறார். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? "வாயைக் கழுவுடி" என்றேன். அது கிடக்கட்டும். அந்தப் படத்தில் டிராம் வண்டியெல்லாம் எவ்வளவு அழகு தெரியுமா! அதை எடுத்துச் சொன்னால்கூட "உம்" கொட்டுகிறாள்.

ரசனை உள்ள மனுஷி தனியாகத்தான் இருக்க வேண்டுமா? தூங்குகிற மனுஷனை என்ன செய்வது?

- ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

சாவித்திரி விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. மற்றதில் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது 'அது கிடக்கட்டும்' என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. அது கிடக்கக்கூடாது. மகள் ஒரு கேள்வி கேட்டாள். வாயை அடைத்துவிட்டு டிராம் வண்டிக்குப் போய்விட்டீர்கள். துணை இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். இருந்த துணையை அந்தப் பொங்கல் அன்று நீங்களேதான் எழுப்பி அனுப்பினீர்கள்.

அவள் யாரையோ விரும்புகிறாள் என்று நான் சொல்ல வரவில்லை. தோழிக்காகக் கேட்டிருக்கலாம். சும்மா வாய்க்கு வந்திருக்கலாம். ஆனால் 'திட்டுவியா' என்று கேட்காமல் 'அடிப்பியா' என்று கேட்டிருக்கிறாள். சாதி மாறிக் கல்யாணம் என்றால் என்னென்ன நடக்கும் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வளர்ந்த பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள் என்கிறீர்கள். பயந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் சிரித்தால் மேலே பேசலாம், முறைத்தால் 'சும்மா சொன்னேன்' என்று தப்பிக்கலாம்.

உங்களுக்கு வந்தது கோபம் என்று நான் நினைக்கவில்லை. கொழுந்தனாரை நினைத்து வந்த பயம். அது அவளுக்குத் தெரியுமா? அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்று அவள் முடிவு கட்டியிருப்பாள்.

உங்கள் 'மாயா பஜார்' கதைக்கே வருகிறேன். பாண்டவர்கள் நாடிழந்து நிற்கிறார்கள். அபிமன்யுவுக்கு வத்சலா என்று பேசிய பேச்சை மறந்துவிட்டு, துரியோதனன் வீட்டுச் சம்பந்தத்துக்குத் தலையாட்டுகிற அம்மா ஒருத்தி அதில் உண்டே, ரேவதி. இத்தனை தடவை பார்த்த நீங்கள் அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கெட்டவளா என்றால், இல்லை. மகள் வசதியாக வாழ வேண்டும் என்றுதான் அவளும் நினைக்கிறாள். அந்த வீட்டில் கடோத்கஜன் வந்து மாயம் செய்து பெண்ணைக் கரையேற்றினான். உங்கள் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. அதனால் ரேவதியின் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள்.

அப்புறம், ஓசூருக்கு ஒரு நாள் நீங்களே பஸ் ஏறுங்கள். மண்டிக்கு வருவோர் போவோர் நடுவில் இந்தப் பேச்சு நடக்காது. "யாருடி அவன்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, நான் சரியா பதில் சொல்லலை" என்று மட்டும் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லம்மா" என்றால் சரி, விட்டுவிட்டு இரண்டு பேரும் படத்துக்குப் போங்கள். ஏதாவது சொன்னால் அவள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரரிடம்கூட வாயைத் திறக்காதீர்கள், கொழுந்தனார் வீட்டுப் பக்கம் காற்றுகூடப் போகக்கூடாது. சட்டப்படி கல்யாண முடிவு அவளுடையது. யாராவது மிரட்டுகிற நிலை வந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, அவள் போனிலும் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

அவளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை நான் எழுதித்தர முடியாது. அழுவீர்களா, அடிப்பீர்களா என்று உங்களுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை யோசித்துக்கொண்டே போங்கள், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய்ச்சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெங்களூரா மாங்காய் லோடுக்காக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிற மனுஷன். தியேட்டர் ஏசியில் தூங்கிவிட்டுப் போகட்டும்.