பால் பைதானின் ஜீனை எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றையும் ஒருமுறை பாருங்கள்

பால் பைதான் என்றால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், வீட்டில் வளர்க்கும் ஒரு சிறிய மலைப்பாம்பு. டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஊர்வன கண்காட்சி ஒன்றில் நாலு மாதப் பெண் பால் பைதான் வாங்கினேன். டப்பாவின் மேல் 'பாஸ்டல், எல்லோ பெல்லி, 66% ஹெட் க்ளவுன்' என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் இது சாதாரணப் பாம்புதானே என்கிறார்கள். லேபிளில் இருப்பது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" கூடவே மூன்று படங்கள்.

அந்த லேபிளில் மூன்று விஷயங்கள், அதாவது பாம்பின் நிறத்தையும் கோலத்தையும் மாற்றும் மூன்று ஜீன்களின் பெயர்கள் இருக்கின்றன. பாஸ்டலைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எல்லோ பெல்லியைச் சரியான இடத்தில் பார்த்தால் சொல்லலாம். ஹெட் க்ளவுனை, அதாவது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் க்ளவுன் ஜீனை, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

முதலில் படம். நீங்கள் அனுப்பியதில் ஒன்று சிவப்பு விளக்கின் கீழ் எடுத்தது, அதை வைத்து நிறத்தைப் பற்றி எதுவுமே பேச முடியாது. சட்டை உரித்த இரண்டு மூன்று நாளுக்குள், பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்து எடுங்கள். உரிப்பதற்கு முன்னால் கண்ணில் நீலம் பூத்து உடம்பு மங்கிப்போய் இருக்கும், அப்போது எந்த மார்ஃபும், அதாவது ஜீனால் வரும் எந்த நிற வகையும், சாம்பல் பூசின மாதிரிதான் தெரியும்.

பாஸ்டலுக்கு மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள், குட்டியாக இருக்கும்போது சாதாரணப் பாம்பும் பளிச்சென்றுதான் இருக்கும். முதுகில் இருக்கும் கரும்பழுப்புத் திட்டுகளின் நடுவில் நிறம் வெளிறி, மேகம் படிந்ததுபோல இருக்கிறதா, கண் கொஞ்சம் பச்சையாக, உதடு வெளுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பாம்பிடம் இவை இருக்கின்றன. அப்புறம், வயது ஏற ஏற நிறைய பாஸ்டல்கள் பழுப்படிக்கும், அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே நானே தவறியிருக்கிறேன். பாஸ்டல் என்று உறுதியாக நம்பி வளர்த்த ஒரு ஆண் பாம்பை ஃபயர் என்ற இன்னொரு நிற ஜீன் உள்ள பெண்ணோடு சேர்த்தபோது, முட்டைகளில் ஒன்றிலிருந்து கருப்புக் கண்ணோடு முழு வெள்ளைக் குட்டி ஒன்று தலையை நீட்டியது. அது சூப்பர் ஃபயர். தாய், தந்தை இரண்டிடமும் ஃபயர் வகை ஜீன் இருந்தால்தான் அப்படி ஒரு குட்டி வரும். இளம் வயதில் ஃபயரும் பாஸ்டலும் அவ்வளவு ஒத்துப்போகும்.

எல்லோ பெல்லிக்கு வயிற்றைப் பார்க்க வேண்டும். அதற்காகப் பாம்பை மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையில் விடுங்கள், விரல் இடுக்கில் ஊர்ந்து போகும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே வயிறு தெரிந்துவிடும். சாதாரணப் பாம்பின் வயிற்றில் கரும்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். எல்லோ பெல்லியில் நடுப்பகுதி சுத்தமாக, லேசான மஞ்சள் சாயலோடு இருக்கும், இரண்டு ஓரத்திலும் மட்டும் சதுரங்கக் கட்டம்போல இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கருமை வரும். வயிற்றிலிருந்து விலாப்பக்கம் மஞ்சள் நிறம் தீ நாக்குபோல மேலே ஏறுவதும் ஒரு அடையாளம். உங்கள் மூன்றாவது படத்தில் அந்த ஓரக் கட்டங்கள் தெரிகின்றன, அதனால் லேபிள் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஸ்பெக்டர், கிராவல், ஆஸ்பால்ட் போன்றவையும் இதே ஜீனின் வேறு வடிவங்கள்தான், வயிறும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். விற்றவரிடம் தாய் தந்தையின் படம் கேளுங்கள். அதில் ஒன்று ஐவரி, அதாவது இரண்டு பக்கமும் எல்லோ பெல்லி வாங்கிப் பிறந்த வெளிறிய பாம்பு என்றால், அதன் குட்டி ஒவ்வொன்றிலும் எல்லோ பெல்லி இருந்தே ஆக வேண்டும்.

இந்த "ஒரே ஜீனின் வேறு வடிவங்கள்" விஷயம் இனி வாங்கும்போதும் கை கொடுக்கும். மொஹாவே, லெஸ்ஸர், ஃபேன்டம் எல்லாம் ஒரே இடத்தில் உட்காரும் ஜீன்கள், அந்த இடத்தில் மொத்தம் இரண்டு நாற்காலிதான் உண்டு. மூன்றும் இருக்கிறது என்று ஒருவர் விற்றால் அது நடக்கவே முடியாத விஷயம். மொஹாவேயும் லெஸ்ஸரும் சேர்ந்தால் நீலக் கண் வெள்ளைப் பாம்பு வரும், எனவே உடம்பு முழுக்கக் கோலம் போட்ட பாம்புக்கு அந்த இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, 66%. பாம்பில் மூன்றில் இரண்டு பங்கு ஜீன் இருக்கிறது என்பதுபோல இதைப் புரிந்துகொள்பவர்கள் பலர். அப்படி இல்லை. க்ளவுன் வெளியே தெரிய, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வேண்டும். ஒரு பிரதி மட்டும் ஒளிந்திருந்தால் ஹெட். தாயும் தந்தையும் ஹெட் என்றால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்று க்ளவுன், இரண்டு ஹெட், ஒன்றில் எதுவும் இல்லை. க்ளவுனைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதில் இரண்டு ஹெட். அந்த மூன்றில் இரண்டுதான் 66%. தலையில் உள்ள கோட்டை வைத்து ஹெட் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

உறுதி செய்ய இரண்டு வழி. பெண் பாம்பு சுமார் 1,500 கிராம் எடை வந்தபின், அதற்குப் பெரும்பாலும் சுமார் மூன்று வருடம் ஆகும், க்ளவுன் ஆணோடு சேர்க்கலாம். ஒரு க்ளவுன் குட்டி வந்தாலே போதும், ஹெட் என்று முடிவாகிவிடும். ஆறு முட்டையும் பொரித்து ஒன்றுகூட க்ளவுன் இல்லை என்றால், உங்கள் பாம்பு ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு சுமார் 3% வரை இறங்கிவிடும், ஆனால் பூஜ்யம் ஆகாது. இதற்காக மூன்று வருடம் காத்திருப்பதைவிட உரித்த சட்டையை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது எளிது. 2022-இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகளை வைத்தே அல்பினோவுக்கு டிஒய்ஆர் என்ற ஜீன் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது க்ளவுன் உட்பட பல மார்ஃபுகளுக்கு இந்தச் சோதனையைக் காசு கொடுத்தே செய்துகொள்ளலாம்.

அதனால் அடுத்த சட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறிப்போவதற்கு முன்னால் எடுத்து, காற்றில் நன்றாக உலரவிட்டு, காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வேறு பாம்பு இருந்தால் அதன் சட்டை இதோடு ஒட்டவே கூடாது.