கொல்லைப்புறத்தில் ஒரு சிற்றில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் 20 அடிக்கு 15 அடி இடமும், நன்கு வளர்ந்த ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. 5, 8 வயதுள்ள பிள்ளைகளுக்கு அங்கே ஒரு விளையாட்டு வீடு கட்டித்தர விரும்புகிறேன். இணையத்தில் கிடைத்த அமெரிக்க வரைபடம் ஒன்றைத் தச்சரிடம் காட்டினேன். நான்கு பக்கமும் பிளைவுட் அடித்து, மேலே தகரம் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா?
வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அத்தகைய வரைபடங்களில் பல, குளிருக்கு அஞ்சும் ஊர்களை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. மூடிய சுவரும் சிறிய கண்ணாடிச் சன்னலும் அங்கே வெப்பத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். மதுரையின் சித்திரை வெயிலில் அதே பெட்டிக்குள் பகல் பதினொரு மணிக்குப் பிறகு ஒரு பிள்ளையும் நுழையாது. நமக்கு ஏற்ற மாதிரி தினைப்புனத்துக் காவல் பரண்தான். சங்கப் பாடல்களில் கிளியோட்டும் பெண்கள் அமர்ந்திருக்கும் இதணம் என்பதும் அதுவே: உயர்ந்த தளம், நான்கு கால், மேலே கூரை, சுற்றிலும் காற்று.

6 அடிக்கு 5 அடித் தளமும், உச்சியில் ஐந்தரை அடி உயரமும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கும். அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இடுப்பளவுச் சுவரை மூன்று பக்கம் மட்டும் எழுப்பி, நான்காவது பக்கத்தைத் திறந்தே விடுங்கள். பழைய சேலையையும் தென்னங்கீற்றையும் கொண்டு அதை அவர்களே மூடட்டும். பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்துக்கே பெயராகிவிட்ட சிற்றில், சிறுமியர் தம் கையால் மணலில் கட்டிய வீடு என்பதைத் தச்சரிடமும் சொல்லிவையுங்கள்.

தகரக் கூரையைத் தவிர்க்க முடியாவிட்டால், அதன் மேல் கீற்று வேய்ந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் குறைந்தது ஓரடி இடைவெளி விடுங்கள். கால்களை மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேல் துருத்தி நிற்கும் கருங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தி, ஐப்பசிக் காற்றுக்கு அசையாதபடி இரும்புப் பட்டையும் போல்ட்டும் கொண்டு பிணையுங்கள். கரையான் மறைவாக ஏற முடியாமல் கல்லின் மேல் மண்குழாய் கட்டித்தான் வரவேண்டும் என்பதால், மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். தளத்தின் அடியில் விறகையோ பழைய ஓடுகளையோ அடுக்காதீர்கள். தேளுக்கும் பாம்புக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

வேப்பமரத்தின் நிழல் போதும். அதில் ஆணி அடிக்க வேண்டாம். அடுப்பங்கரைச் சன்னலிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் தெரியும்படி திறந்த பக்கத்தை அமையுங்கள். தென்னைக்கு அடியில் கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. முருங்கையும் உதவாது: கிளை சட்டென முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி உதிரும்.

கேள்வி: தொழிற்சாலைகளில் சரக்கு அடுக்கப் பயன்படுத்திக் கழித்துவிடும் பேலட் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு கட்டலாமா? கரையானுக்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசினால் போதுமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏற்றுமதி, இறக்குமதிக்குப் பயன்பட்ட பேலட்டில் சூடு போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பக்குவப்படுத்திய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தியது, விட்டுவிடுங்கள். முத்திரை இருந்தாலும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ள பலகை வேண்டாம். நல்ல பலகையையும் இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சிலாம்பு இல்லாமல் செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. இயந்திரத்தில் தேய்ந்த உலோகத் துகள்கள் அதில் கலந்திருக்கும். பிள்ளைகளின் கை அங்கிருந்து நேரே வாய்க்குப் போகும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்காமல், ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்ட புதிய டப்பாவை வாங்குங்கள்.

கேள்வி: என் பேரன் தன் விளையாட்டு வீட்டுக்கு மாடி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எவ்வளவு உயரம் வரை போகலாம்?
வாசகர், நாகர்கோவில்

பதில்: மாடித் தளத்தை 4 அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். கைப்பிடிக் கம்பிகளைக் குறுக்கே அடித்தால் அதுவே ஏணியாகிவிடும் என்பதால், நெடுக்காக மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அவற்றின் இடைவெளி மூன்றரை அங்குலத்தை எட்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட சந்தில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் 6 அடி தூரத்துக்கு 9 அங்குல ஆழத்தில் மணல் பரப்புங்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்ட் இறுகிவிடும் என்பதால், உருண்டையான ஆற்று மணலே தேவை. அதன் விலையைக் கேட்ட பிறகு பேரனிடம் மறுபடியும் பேசிப் பாருங்கள். இரவில் அந்த மணலைத் தார்ப்பாயால் மூடாவிட்டால், தெருப் பூனைகள் அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும்.